அமெரிக்காவிலிருந்து ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு மாறுகிறீர்களா? முதல் வருடத்துக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவுக்குள் மாநிலம் விட்டு மாநிலம் வீடு மாறிப் பழகியவர்கள் ஜெர்மனியையும் அப்படியே நினைத்துக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். வேலை உறுதியாகிவிட்டது, சம்பளம் தெரியும், மற்றதைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. இங்கே அது நடக்காது. ஜெர்மனியில் ஒவ்வொரு காகிதமும் இன்னொரு காகிதத்தைக் கேட்கும். வீடு கிடைத்தால்தான் முகவரிப் பதிவு. முகவரிப் பதிவு முடிந்தால்தான் வரி எண். வரி எண் வந்தால்தான் சம்பளத்தில் சரியான வரிப் பிடித்தமும், குழந்தைகளுக்கான உதவித்தொகையும். நடுவில் ஒன்று தப்பினால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் நிற்கும். அதனால் வேலைகள் எந்த வரிசையில் வருமோ அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

ராம்ஸ்டைன், கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம் அமெரிக்க ராணுவத்தோடு வருகிறவர்களுக்கு நேட்டோ ஒப்பந்தப்படி விதிகள் வேறு. அவர்களுக்குத் தனிக் கடைகள், தனிப் பள்ளிகள், தனி மருத்துவமனைகூட உண்டு. இந்த வழிகாட்டி வேலைக்காகவோ படிப்புக்காகவோ தானாகக் கிளம்பி வரும் குடும்பங்களுக்கு.

கிளம்பும் முன்: பாஸ்போர்ட், சான்றிதழ், மருந்து

அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசா இல்லாமல் வந்து இறங்கி, 90 நாட்களுக்குள் இங்கேயே வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அனுமதி கைக்கு வரும்வரை வேலை செய்யக் கூடாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் சந்திப்பு நேரம், அதாவது எல்லோரும் 'டெர்மீன்' என்று சொல்வது, பெரிய நகரங்களில் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். வேலை தொடங்கும் தேதி நெருக்கத்தில் இருந்தால் அமெரிக்காவிலேயே ஜெர்மன் தூதரகத்தில் விசா வாங்கிவிடுங்கள். வந்தவுடன் வேலையில் சேரலாம்.

நம்மவர்களில் நிறையப் பேருக்கு நிலைமை கலவையானது. குழந்தைகள் அமெரிக்கக் குடிமக்கள், பெற்றோர் வேலைக்கான ஹெச்-1பி, துணைக்கான ஹெச்-4 விசாவில் இருக்கும் இந்தியர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அந்த 90 நாள் சலுகை கிடையாது. நீண்ட காலம் தங்குவதற்கான தேசிய விசா வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீண்ட நாள் வெளியே இருந்தால் அதை இழக்கும் அபாயம் உண்டு. திரும்பிப் போகும் எண்ணம் இருந்தால், மறுநுழைவு அனுமதிக்கு அமெரிக்க மண்ணில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். விமானம் ஏறிய பிறகு யோசித்தால் பயனில்லை.

திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலையும் கைப்பையில் வையுங்கள். கப்பலில் போகும் பெட்டியில் வைக்காதீர்கள். திருமண, பிறப்புச் சான்றிதழ்களுக்கு அவற்றைக் கொடுத்த மாநிலத்தின் அப்போஸ்டில் முத்திரையும், அதாவது வெளிநாட்டில் அந்தச் சான்றிதழ் அசல்தான் என்று காட்டும் முத்திரையும், வாங்கிவிடுவது நல்லது. இங்கிருந்துகொண்டு அதை வாங்குவது பெரிய அலைச்சல். ஜெர்மன் மொழிபெயர்ப்பை இங்குள்ள உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் செய்துகொள்ளலாம்.

தடுப்பூசி அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். 2020 மார்ச் முதல் ஜெர்மனியில் தட்டம்மைத் தடுப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. மழலையர் காப்பகத்திலும் பள்ளியிலும் சேர, இரண்டு வயது முடிந்த குழந்தைக்கு இரண்டு தவணை போட்டதற்குச் சான்று வேண்டும். அமெரிக்காவில் இரண்டாவது தவணை நான்கு வயதுக்கு மேல்தான் வழக்கம். ஆகவே எல்லா ஊசியும் சரியாகப் போட்ட மூன்று வயது அமெரிக்கக் குழந்தைகூட இங்கே வாசலில் நிற்க நேரும். கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் சொல்லி இரண்டாவது தவணையை முன்கூட்டிப் போட்டுவிடுங்கள்.

குடும்பத்தில் யாராவது தொடர்ந்து மாத்திரை எடுப்பவராக இருந்தால், அதே மருந்து ஜெர்மனியில் கிடைக்குமா என்று கேளுங்கள். கவனக்குறைபாட்டுக்கு அமெரிக்காவில் பரவலாகத் தரப்படும் அடெரால் இங்கே விற்பனையில் இல்லை. வேறு மருந்துக்கு மாற வேண்டியிருக்கும். அந்த மாற்றத்தைப் பழகிய மருத்துவரின் கண்காணிப்பில் அங்கேயே தொடங்குவது குழந்தைக்கு நல்லது.

எதை ஏற்றுவது, எதை விற்பது

அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். லேப்டாப், போன் சார்ஜர்கள் இரண்டையும் தாங்கும். ப்ளக் மாற்றி போதும். மிக்சி, ரைஸ் குக்கர், ஹேர் டிரையர், மைக்ரோவேவ் எதையும் ஏற்றாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் உள்ள சாமான் சூடாகிக் கெட்டுப்போகும்.

வீட்டுச் சாமான்களுக்குச் சுங்க வரி விலக்கு உண்டு. குறைந்தது ஆறு மாதம் நீங்கள் பயன்படுத்திய பொருளாக இருக்க வேண்டும். நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குறைந்தது 12 மாதம் வாழ்ந்திருக்க வேண்டும். அப்படிக் கொண்டுவந்ததை அடுத்த ஒரு வருடத்துக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. பெரிய சோஃபா, கிங் சைஸ் கட்டில் இரண்டையும் அங்கேயே விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. பழைய ஜெர்மன் வீடுகளின் மாடிப்படியில் அவை ஏறாது.

வீடு

இதில்தான் அதிக நாள் போகும். முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு, சாமான்களோடு உள்ள தற்காலிக வீடு எடுத்துக்கொண்டு, நேரில் இருந்து நிரந்தர வீடு தேடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். தற்காலிக வீடு எடுக்கும்போது ஒரே கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: இந்த முகவரியில் பதிவு செய்ய எழுத்தில் உறுதி தருவீர்களா? தர மாட்டேன் என்றால் அந்த வீடு வேண்டாம். அடுத்த படி எதுவும் நகராது.

விளம்பரத்தில் இரண்டு வாடகை இருக்கும். வெறும் வீட்டுக்கு உள்ளது கால்ட்மீட்டே. வெப்பம், தண்ணீர், குப்பை, பொது இடப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்தது வார்ம்மீட்டே. வீட்டு மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இதற்கும் வெளியே. முன்பணம் மூன்று மாத கால்ட்மீட்டேக்கு மேல் கேட்கச் சட்டம் அனுமதிக்காது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. 'மூன்று அறை வீடு' என்றால் கூடமும் அந்த மூன்றில் சேர்ந்தது. சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது.

அமெரிக்கர்கள் அதிர்ந்துபோவது சமையலறையைப் பார்த்துத்தான். பல வாடகை வீடுகளில் சமையலறை என்பது நான்கு சுவரும் தண்ணீர்க் குழாயும் மட்டுமே. அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அல்லது உங்களிடம் விலை பேசுவார். கூரையில் விளக்கு இருக்காது, வயர் மட்டும் தொங்கும். குழந்தைகளோடு வருபவர்கள் சமையலறை பொருத்திய வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாலும் தவறில்லை. புதுச் சமையலறை ஆர்டர் செய்து வந்து சேர வாரங்கள் ஆகும். அதுவரை ஒற்றை மின்அடுப்பில் குடும்பத்துக்குச் சமைப்பது பெரும்பாடு.

வீட்டுக்காரர்கள் ஷூஃபா என்ற கடன் நம்பகச் சான்றைக் கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு அது இருக்காது. அமெரிக்க கிரெடிட் ஸ்கோர் இங்கே செல்லாது. வேலை ஒப்பந்தம், சம்பளச் சான்று, முந்தைய வீட்டுக்காரரின் கடிதம், குடும்பத்தைப் பற்றிய சிறு அறிமுகம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகத் தயாராக வைத்திருங்கள். சாவி வாங்கும் நாளில் சுவர்க் கீறல், தரைக் கறை, மீட்டர் அளவு அனைத்தையும் ஒப்படைப்புக் குறிப்பில் எழுதிப் படமும் எடுங்கள். காலி செய்யும் நாளில் முன்பணத்தைக் காப்பது அந்தத் தாள்தான்.

குடியேறியதும் வாசல் மணியிலும் தபால் பெட்டியிலும் குடும்பத்தில் உள்ள எல்லாக் கடைசிப் பெயர்களையும் ஒட்டுங்கள். நம் வீடுகளில் அப்பா, அம்மா, குழந்தை மூவருக்கும் மூன்று கடைசிப் பெயர் இருக்கும். பெட்டியில் இல்லாத பெயருக்கு வரும் கடிதம் திரும்பிப் போய்விடும். முக்கியமான எல்லாமே தபாலில்தான் வரும்.

முகவரிப் பதிவு: முதல் பதினான்கு நாள்

குடிவந்த இரண்டு வாரத்துக்குள் குடிமக்கள் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இதற்கு ஆன்மெல்டுங் என்று பெயர். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதித் தாள், எல்லோருடைய பாஸ்போர்ட், திருமண, பிறப்புச் சான்றிதழ்கள் வேண்டும். பெர்லின் போன்ற ஊர்களில் டெர்மீன் கிடைப்பதே சிரமம். காலையில் இணையதளத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். யாராவது ரத்து செய்த இடம் விழும். நகரத்துக்குள் எந்தக் கிளையிலும் பதியலாம் என்றால் தூரத்துக் கிளைக்கும் போகத் தயங்க வேண்டாம்.

படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டன்ட் என்று எழுதினால், வருமான வரியின் மேல் பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம் தேவாலய வரி பிடிப்பார்கள். அமெரிக்காவில் ஞாயிறு காணிக்கை கொடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிது. தெரிந்தே முடிவெடுங்கள்.

அங்கே தரும் பதிவுச் சான்றைப் பத்திரமாக வையுங்கள். வங்கிக்கும், வசிப்பு அனுமதிக்கும், பள்ளிக்கும் அதுதான் தேவைப்படும். சில வாரங்களில் ஒவ்வொருவர் பெயருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அந்த எண்ணை அலுவலகத்தில் கொடுக்காதவரை அதிகபட்ச வரி பிடிக்கப்படும், பிறகு சரிசெய்துவிடுவார்கள். முதல் மாதச் சம்பளம் குறைவாக வந்தால் பதற வேண்டாம்.

அதே தபால் பெட்டிக்கு ஒலிபரப்புக் கட்டணக் கடிதமும் வரும். டிவி இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. மோசடிக் கடிதம் என்று நினைத்துக் கிழித்துப்போடுகிறார்கள் சிலர். அது மோசடி இல்லை. கட்டாவிட்டால் அபராதத்தோடு திரும்பி வரும்.

வரி எண்கள் வந்ததும் கிண்டர்கெல்ட் என்ற குழந்தை உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். 2026இல் ஒரு குழந்தைக்கு மாதம் 259 யூரோ. வருமான வரம்பு கிடையாது. தாமதித்து விண்ணப்பித்தால் கடந்த ஆறு மாதத்துக்கு மட்டும்தான் பின்தேதியிட்டுக் கிடைக்கும்.

மருத்துவக் காப்பீடு

பொதுக் காப்பீடா, தனியார் காப்பீடா என்பது நீங்கள் இங்கே எடுக்கும் முடிவுகளில் மிகப் பெரியது. குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல், 2025இல் அது வருடத்துக்கு 73,800 யூரோ, இருந்தால் தனியார் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். இளம் வயதில் ஒருவருக்கு அது மலிவாகத் தெரியும், மருத்துவரிடம் சீக்கிரம் நேரம் கிடைக்கும் என்றும் முகவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் தனியாரில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் தவணை. பொதுக் காப்பீட்டில் வேலைக்குப் போகாத துணையும் குழந்தைகளும் உங்கள் தவணையிலேயே இலவசமாகச் சேர்ந்துவிடுவார்கள். தவணை சம்பளத்தின் 14.6 சதவீதமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் கூடுதல் விகிதமும். பாதியை முதலாளி கட்டுவார். தனியாருக்குப் போய்விட்டுப் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது கடினம், 55 வயதுக்கு மேல் ஏறக்குறைய முடியாது. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு நான் பொதுக் காப்பீட்டைத்தான் சொல்வேன். டெக்னிகர், ஏஓகே, பார்மர் மூன்றும் பெரியவை. சேவையில் பெரிய வித்தியாசமில்லை, ஆங்கிலத்தில் பேச ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அட்டை வந்ததும் வீட்டருகே ஒரு குடும்ப மருத்துவரையும் குழந்தை மருத்துவரையும் பிடித்துவிடுங்கள். உடம்பு சரியில்லாதபோது தேடத் தொடங்கினால் 'புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை' என்ற பதில்தான் வரும். குழந்தைகளின் வளர்ச்சிப் பரிசோதனைகள் யு1 முதல் யு9 வரை ஒரு மஞ்சள் கையேட்டில் பதிவாகும். வயதுக்கேற்ற பரிசோதனையிலிருந்து நீங்கள் சேர்ந்துகொள்ளலாம். இரவில் காய்ச்சல், உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 116117 எண்ணை அழையுங்கள். உயிர் ஆபத்துக்கும் தீ விபத்துக்கும் 112. போலீஸ் 110. குழந்தைகளுக்கு முதல் வாரமே 911ஐ மறக்கச் சொல்லி 112ஐ மனப்பாடம் செய்ய வையுங்கள்.

காய்ச்சல் மாத்திரை சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. பாரசிட்டமால், இபுப்ரோஃபென்கூட மருந்துக்கடையில் மட்டும்தான். ஞாயிறும் இரவும் சுற்றுமுறையில் ஏதாவது ஒரு மருந்துக்கடை திறந்திருக்கும். எது என்பது மற்றக் கடைகளின் கதவில் ஒட்டியிருக்கும்.

உடம்பு சரியில்லை என்றால் வேலைக்குப் போகாதீர்கள். ஆறு வாரம் வரை முழுச் சம்பளம் முதலாளி தருவார், விடுப்பு நாளிலிருந்து கழிக்க மாட்டார்கள். பொதுக் காப்பீட்டில் இருந்தால், குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது பார்த்துக்கொள்ளவும் தனி விடுப்பு உண்டு. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் இதைச் சலுகை என்று நினைத்துத் தயங்குகிறார்கள். இது உரிமை.

பள்ளி: குழந்தையின் வயதைப் பொறுத்துத் திட்டமிடுங்கள்

பள்ளிக்கு அனுப்புவது கட்டாயம். வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கும் அமெரிக்க வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பே மலிவான டிக்கெட்டில் ஊருக்குக் கிளம்பலாம் என்பதும் நடக்காது, அபராதம் விழும். பவேரியாவில் விமான நிலையத்திலேயே போலீஸ் விசாரித்த சம்பவங்கள் உண்டு.

ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு மாற்றம் மிகச் சுலபம். ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் பெறச் சட்டப்படி உரிமை உண்டு. இடம் உடனே கிடைக்கும் என்று அர்த்தமில்லை. ஜெர்மனிக்கு வருவது உறுதியான அன்றே விண்ணப்பம் போடுங்கள். சேர்ந்த பிறகு பழக்கப்படுத்தும் காலம் என்று சில வாரம் பெற்றோர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். முதல் நாள் அரை மணி, பிறகு ஒரு மணி என்று மெல்லக் கூட்டுவார்கள். அந்த வாரங்களில் இருவரும் ஒரே நேரத்தில் புது வேலையில் சேராதீர்கள். மழைக் கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், வீட்டுச் செருப்பு மூன்றும் வாங்கி வையுங்கள். மழையிலும் பனியிலும் குழந்தைகள் வெளியில்தான் விளையாடுவார்கள்.

ஆறு, ஏழு வயதில் வருபவர்கள் முதல் வகுப்பில் எல்லோரோடும் சேர்ந்து எழுத்து கற்கத் தொடங்குவார்கள். முதல் நாளில் ஒவ்வொரு குழந்தையும் தன் உயரத்தில் பாதி இருக்கும் கூம்பு வடிவப் பரிசுப் பையை, ஷூல்ட்யூட்டே என்பார்கள், கையில் ஏந்தி வரும். பென்சில், மிட்டாய், சிறு பொம்மை என நிரப்பி நீங்கள்தான் கொடுத்தனுப்ப வேண்டும். இது தெரியாமல் வெறும் கையோடு போன குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாது. அவசியம் செய்யுங்கள்.

சிக்கலான வயது ஒன்பதும் பத்தும். பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப் பள்ளி நான்கு வருடம்தான். பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் ஆறு. அதன் பிறகு நேராகப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் கிம்நாசியம், பத்தாம் வகுப்போடு முடியும் ரியால்ஷூலே என்று பாதை பிரிகிறது. பவேரியாவில் கிம்நாசியத்துக்குப் போக ஜெர்மன், கணக்கு, சூழல் பாடம் மூன்றிலும் சராசரி 2.33 வேண்டும். இங்கே 1 சிறந்த மதிப்பெண், 6 மோசமானது. மூன்றாம் வகுப்பின் நடுவில் ஜெர்மன் தெரியாமல் வந்து சேரும் குழந்தைக்கு இது நியாயமான போட்டி இல்லை. உங்கள் பிள்ளை அந்த வயது என்றால் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கிறதா பாருங்கள். முடியாவிட்டால், எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் ஒருங்கிணைந்த பள்ளியைத் தேடுங்கள். ரியால்ஷூலேவுக்குப் போனால் எதிர்காலம் முடிந்தது என்று நம் வீடுகளில் அழுகிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அங்கிருந்தும் பல்கலைக்கழகத்துக்குப் பாதை உண்டு, நிறையப் பேர் போகிறார்கள். மொழி பிடிபட அவகாசம் கிடைப்பது சில குழந்தைகளுக்கு நல்லதாகவே முடிகிறது.

பெரிய வகுப்புகளில் வருபவர்களை முதலில் மொழிக்கான தனி வகுப்பில் சேர்ப்பார்கள். பெர்லினில் வரவேற்பு வகுப்பு, பாடன்-வூர்ட்டம்பெர்கில் தயாரிப்பு வகுப்பு என்று பெயர். பதினைந்து வயதுக்கு மேல் என்றால், வசதி இருந்தால் பன்னாட்டுப் பள்ளியை யோசியுங்கள். பெர்லினில் 1960இல் தொடங்கிய ஜான் எஃப். கென்னடி பள்ளி ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்ந்த அரசுப் பள்ளி, கட்டணம் இல்லை. ஆனால் இடம் கிடைப்பது கடினம். கூட்டாளிகள், விளையாட்டு அணி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பதின்ம வயதுப் பிள்ளையின் கோபத்தை நன்றிகெட்டத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் இழந்தது நிஜம். ஓரிரு வருடம் பொறுமையாக இருக்க வேண்டியது பெற்றோர்தான்.

இன்னொன்றும் பழக வேண்டும். இங்கே ஏழு வயதுக் குழந்தைகள் தனியாகப் பள்ளிக்கு நடந்து போவார்கள். அமெரிக்காவில் கார் வரிசையில் நின்று பிள்ளையைக் கைமாற்றிப் பழகிய பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். சில வாரம் கூடவே நடங்கள், பிறகு பாதி வழியில் நில்லுங்கள், அப்புறம் வீட்டு வாசலிலேயே விடைகொடுங்கள். நான்காம் வகுப்பில் போலீஸ்காரர்களே வந்து சைக்கிள் ஓட்டத் தேர்வு வைப்பார்கள். குழந்தைக்குக் கிடைக்கும் இந்தச் சுதந்திரம் ஜெர்மனி தரும் பெரிய கொடை என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். பயத்தினால் அதைத் தடுத்துவிடாதீர்கள்.

ஞாயிறு, பாட்டில், குப்பை, சத்தம்

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். ஞாயிறு ஓய்வு அரசியல் சட்டத்திலேயே பாதுகாக்கப்பட்டது. பேக்கரி சில மணி நேரமும், பெரிய ரயில் நிலையக் கடைகளும், பெட்ரோல் பங்க்குகளும் திறந்திருக்கும். பால், முட்டை, அரிசி சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை அரசு விடுமுறை வந்தால் இரண்டு நாளுக்கு. சனி மாலை கூட்டத்தைத் தவிர்க்க வெள்ளிக்கிழமை இரவே போய்வருவது நல்லது.

தள்ளுவண்டிக்கு ஒரு யூரோ நாணயம், சொந்தத் துணிப்பை இரண்டும் எப்போதும் கையில் இருக்கட்டும். பணம் கொடுக்கும் இடத்தில் யாரும் பையில் போட்டுத் தர மாட்டார்கள். வேகமாக எடுத்து வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம்; பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். கடையிலேயே உள்ள இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும், பில்லில் கழியும். நசுக்காமல் கொண்டுபோங்கள். இந்த வேலையைக் குழந்தைகளிடம் விட்டு, வரும் காசும் அவர்களுக்கே என்று சொல்லிவிட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

குப்பை பிரிப்பது ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பொதுவாகக் காகிதம், சமையல் கழிவு, பிளாஸ்டிக் உறைகள், மிச்சம் என நான்கு. கண்ணாடி தெருமுனைத் தொட்டியில் நிறவாரியாக. ஞாயிறன்று கண்ணாடி போடக் கூடாது, சத்தம். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஞாயிறு முழுவதும் டிரில்லிங், புல்வெட்டும் இயந்திரம் கிடையாது. மிக்சியில் இட்லி மாவு அரைப்பதைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டுட்கார்ட் பக்கம் படிக்கட்டைப் பெருக்கும் முறை வாரத்துக்கு ஒரு வீடு என்று சுற்றிவரும். குடிவந்த வாரமே மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் போய்ப் பெயர் சொல்லி அறிமுகமாகிவிட்டால், பின்னால் குழந்தை ஓடும் சத்தத்துக்கு வரும் புகாரில் பாதி குறையும். உங்கள் பார்சலை வாங்கி வைக்கப்போவதும் அவர்கள்தான்.

சென்ட்ரல் ஏசி கிடையாது. தினம் இரண்டு மூன்று முறை எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் காற்று மாற்ற வேண்டும், குளிர்காலத்திலும்கூட. செய்யாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அதற்கு வாடகைக்காரரைத்தான் கேட்பார்கள். தினமும் குழம்பு கொதிக்கும் நம் சமையலறைக்கு இது இரட்டிப்பாக அவசியம்.

அடுத்தவர் பொருளுக்குச் சேதம் செய்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு, ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட், குடும்பத்துக்கு ஒன்று உடனே எடுங்கள். தவணை மிகக் குறைவு. குழந்தை பக்கத்துக் காரைச் சைக்கிளால் கீறினாலும், கட்டடத்தின் பொதுச் சாவி தொலைந்தாலும் கைகொடுக்கும். வாங்கும்போது இந்த இரண்டுக்கும் ஈடு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

காரும் ரயிலும்

அமெரிக்க உரிமம் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். பிறகு நடப்பது நீங்கள் எந்த மாநில உரிமம் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டெக்சஸ், இல்லினாய், பென்சில்வேனியா உரிமத்தை அப்படியே மாற்றிக்கொள்ளலாம். ஃப்ளோரிடா, வட கரோலினா என்றால் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி உரிமத்துக்கு உடன்பாடு இல்லை. எழுத்தும் ஓட்டமும் இரண்டையும் இங்கே தேற வேண்டும். மாற்ற வாரங்கள் ஆகும் என்பதால் இரண்டாம் மாதமே விண்ணப்பியுங்கள்.

சாலையில் முக்கியமாக மூன்று: பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கே முன்னுரிமை. பச்சை அம்புப் பலகை இல்லாத இடத்தில் சிவப்பில் வலது திரும்பக் கூடாது. ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் வலப்பக்கமாக முந்தக் கூடாது. 12 வயதுக்குள், 150 செ.மீ. உயரத்துக்குள் உள்ள குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும்.

முதல் சில மாதம் கார் வாங்காமல் இருந்து பாருங்கள். நாடு முழுவதும் உள்ளூர், வட்டார ரயில், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 தொடக்கத்திலிருந்து மாதம் 63 யூரோ. ஆறு வயதுக்குள் இலவசம். அது மாதச் சந்தா, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

இரண்டு நாட்டு வரி

அமெரிக்கக் குடிமகன் உலகில் எங்கிருந்தாலும் அமெரிக்காவுக்கும் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களும்தான். ஜெர்மனியில் வரி கூடுதல் என்பதால், கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் முறையில் பெரும்பாலோருக்கு அமெரிக்காவில் கட்ட எதுவும் மிஞ்சாது. ஆனாலும் தாக்கல் கட்டாயம். வெளிநாட்டுக் கணக்குகள் அனைத்திலும் சேர்த்து எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் அறிக்கையும் தனியாகத் தர வேண்டும். ஜெர்மன் மியூச்சுவல் ஃபண்ட், ஈடிஎஃப் எதையும் அமெரிக்க வரி தெரிந்த ஆலோசகரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அமெரிக்க விதிப்படி அவற்றுக்கு வரி மிகக் கடுமை. இந்தக் காரணங்களால் அமெரிக்கர்களுக்குப் பங்குக் கணக்கே திறக்க மறுக்கும் வங்கிகளும் உண்டு.

ஒரு அமெரிக்க வங்கிக் கணக்கையும், அதன் குறுஞ்செய்தி வரும் அமெரிக்கத் தொலைபேசி எண்ணையும் மூடாமல் வைத்திருங்கள். எண்ணை விட்டுவிட்டால் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவிப்பீர்கள். ஜெர்மனியில் செக் வழக்கம் கிடையாது. வாடகை, மின்சாரம் எல்லாம் வங்கியிலிருந்து நேரடிப் பிடித்தம். எண்களில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறியிருக்கும்: 1.250,00 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது.

கூட வந்த துணை

வேலைக்கு வந்தவருக்கு அலுவலகம் இருக்கிறது, குழந்தைகளுக்குப் பள்ளி இருக்கிறது. வீட்டில் இருப்பவருக்குத்தான் நவம்பர் மாத இருட்டும் ஜெர்மன் கடிதங்களும். வருடக்கணக்கில் ஹெச்-4 விசாவில் வேலை செய்ய முடியாமல் இருந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ப்ளூ கார்டு, அதாவது பட்டம் பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான வசிப்பு அனுமதி, வைத்திருப்பவரின் துணை இங்கே எந்த வேலையும் செய்யலாம், தனி அனுமதி வேண்டாம். முதல் மாதமே மொழி வகுப்பில் சேருங்கள். எல்லா ஊரிலும் இருக்கும் மக்கள் கல்விக்கூடங்களில், ஃபோக்ஸ்ஹோக்ஷூலே என்பார்கள், கட்டணம் குறைவு. குழந்தைப் பராமரிப்பைப் பகிர்ந்துகொண்டு அந்த வகுப்பு நேரத்தைக் காப்பது வேலைக்குப் போகிறவரின் கடமை.

நட்பு மெதுவாகத்தான் வரும். லிஃப்ட்டில் சிரித்துப் பேசும் அமெரிக்கப் பழக்கத்தை எதிர்பார்த்தால் மனம் சோரும். ஊருக்கு ஊர் உள்ள சங்கங்களில் ஒன்றில் சேருங்கள்: நீச்சல், பாட்டு, தோட்டம், கால்பந்து எதுவானாலும். ஒரே முகங்களை வாராவாரம் பார்க்கும்போது பேச்சு தானாகத் தொடங்கும். பள்ளியின் பெற்றோர் கூட்டத்தை மொழி புரியாவிட்டாலும் தவறவிடாதீர்கள். நவம்பர் 11இல் குழந்தைகள் விளக்கேந்தி நடக்கும் மார்ட்டின் ஊர்வலம், டிசம்பர் 5 இரவு பரிசு கொண்டுவரும் புனிதர் நிக்கோலாஸுக்காகக் காலணியைத் துடைத்து வாசலில் வைப்பது இரண்டிலும் கலந்துகொள்ளுங்கள். தேங்க்ஸ்கிவிங் இங்கே சாதாரண வேலைநாள். அதை அந்த வாரச் சனிக்கிழமைக்கு மாற்றி, புதிதாகப் பழகிய ஜெர்மன் குடும்பத்தையும் சாப்பிட அழையுங்கள். முழு வான்கோழி வேண்டுமானால் இறைச்சிக் கடையில் இரண்டு வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

வருடம் திரும்பும்போது

மூன்று கடிதங்களுக்குத் தயாராக இருங்கள். வெப்பம், தண்ணீர்ச் செலவின் வருடக் கணக்கு வீட்டுக்காரரிடமிருந்து வரும். கூடுதலாகக் கட்டச் சொன்னால் உடனே கட்டாமல் வாடகைதாரர் சங்கத்தில் காட்டிச் சரிபாருங்கள், மறுப்புச் சொல்ல 12 மாதம் அவகாசம் இருக்கிறது. ஜெர்மன் வரிக் கணக்குக்கு அடுத்த வருடம் ஜூலை 31 கெடு. வந்த வருடத்தின் அமெரிக்கச் சம்பளத்தையும் அதில் காட்ட வேண்டும். வசிப்பு அனுமதி அட்டை முடியும் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்பே டெர்மீன் கேளுங்கள். அட்டை முடியும் முன் விண்ணப்பம் போய்விட்டால், புது அட்டை தாமதமானாலும் இடைக்காலச் சான்று கிடைக்கும்.

அப்புறம் குழந்தைகளின் அமெரிக்கப் பாஸ்போர்ட். பதினாறு வயதுக்குள் எடுத்தது ஐந்து வருடம்தான் செல்லும். புதுப்பிக்கும்போது அப்பா, அம்மா இருவரும் குழந்தையோடு நேரில் போக வேண்டும். பெர்லின், ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக்கில் செய்யலாம். கோடை விடுமுறைக்கு முன் நேரம் கிடைப்பது கடினம் என்பதால் பிப்ரவரியிலேயே பதிவு செய்துவிடுங்கள்.